ஒரு சைபர் குறைந்த கிடார்

செவிலிமேட்டில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் பூ அலங்காரத் தட்டிக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே, கீழே இருப்பவர்களுக்குப் பாதி மறைந்த மாதிரி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் என் கிடார். கை நீட்டினால் தொடும் தூரத்தில், கீபோர்டின் முன்னால் புவனா அக்கா. அவர் எங்கள் இன்னிசைக் குழுவின் பாடகி. குழுவை நடத்தும் ஏகாம்பரம் அண்ணனின் மனைவி.

எதிரே வரவேற்புக்கு வந்த கூட்டம். புதுப் பட்டு உரசும் சத்தம், பன்னீர், பந்தியிலிருந்து வந்த சூடான ரசத்தின் வாசனை. ஏகாம்பரம் அண்ணன் ஒயர் இல்லாத மைக்கைக் கையில் பிடித்தபடி கீழே இறங்கி, மண்டப மேனேஜரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் முதுகு கூட்டத்தில் மறைந்ததும் அக்கா கீபோர்டின் சத்தத்தை முழுக்க இறக்கினார். ஒன்றும் அறியாதவர் மாதிரி இரண்டு கைகளையும் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டார்.

"வாசிம்மா," என்றார்.

வாசித்தேன். அதைச் சொல்வதற்கு முன், இரண்டு பெண்கள் சேர்ந்து மேடையில் இப்படி ஒரு திருட்டுத்தனம் செய்யும் நிலைமை எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

மரம் குடித்த சத்தம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு முசரவாக்கம் சர்ச்சில் நான் கிடார் பழகிய கதை தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரே வரி: ஆண்கள் வரிசையில் கிடார் வாசிக்க ஆள் இல்லாத ஒரு ஈஸ்டருக்கு முன்னால், வேறு வழியில்லாமல் என் கையில் கொடுத்தார்கள், அப்புறம் திருப்பிக் கேட்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

எலக்ட்ரிக் கிடார் பிறகு வந்தது. அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போவது, பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குனிந்து சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது, கழுத்து வலியோடு திரும்புவது. வெளிநாடு கிளம்பிய ஒரு இன்ஜினியரிங் மாணவன் தன் கிடாரை விற்கிறான் என்று கேள்விப்பட்டு, சென்னைக்குப் போய் வாங்கி வந்தேன். குங்குமச் சிவப்பு. சர்ச்சுக்கு முதல் நாள் எடுத்துப் போனபோது ஒரு அம்மா, "இன்னா எஸ்தரு, ஃபயர் சர்வீஸ் வண்டியாட்டம் இருக்குது," என்றார்.

ஆனால் சத்தம் இருந்ததே, அது காலை வெயில் மாதிரி இருந்தது. மேல் தந்தியைத் தொட்டால் அறை முழுக்கப் பரவும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஏகாம்பரம் அண்ணன் என்னைக் குழுவில் சேர்த்தார்.

ஏகாம்பரம் அண்ணன் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். வீட்டின் கீழ்ப்பகுதியில் அவருடைய தம்பிகளின் தறிகள் ஓடும். மாடியில் எங்கள் ஒத்திகை. மைக் செட் வாடகைக்கு விடுவதில் ஆரம்பித்து, ஆர்கெஸ்ட்ரா வரை வந்தவர். ஒயர், பிளக், ஆம்ப்ளிஃபையர் எதுவானாலும் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பார். தெரியாததைத்தான் அதிக தைரியத்தோடு சொல்வார்.

ஒருநாள் என் கிடாரின் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்றது. "குடு இங்க. நான் பாக்காத கன்ட்ரோலா," என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தார். கரகரப்பு போயிருந்தது. கூடவே வெயிலும் போயிருந்தது. யாரோ கிடாரைக் கம்பளியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வாசிக்கச் சொன்ன மாதிரி ஒரு சத்தம்.

அவரிடமே கேட்டேன்.

"கிடார்னா அப்டித்தாம்மா," என்றார். "வயசாக ஆக மரம் சத்தத்த குடிச்சிடும். ஒண்ணும் பண்ண முடியாது."

நான் நம்பினேன். ஒன்றரை வருஷம் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், சர்ச்சில் நாலு பேருக்கு விளக்கமும் சொன்னேன். புதுத் தந்தி மாற்றினேன், புது ஒயர் வாங்கினேன். எதிலும் மாற்றம் இல்லாததால், கோளாறு என் காதில்தான் என்று முடிவுசெய்து டாக்டரிடம் போனேன். அவர் விளக்கு அடித்து இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குதுமா. எதுக்கு வந்தீங்க?" என்றார். மரம் சத்தத்தைக் குடிக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டு வகை கிடார்

அந்த வருஷம் ஏகாம்பரம் அண்ணன் புது கீபோர்டு வாங்கினார். ஒத்திகைக்கு எல்லோரையும் முன்கூட்டியே வரச்சொல்லி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பிறகு ஒரு பித்தானை அழுத்தினார். கிடார் சத்தம் வந்தது. வேறொரு பித்தான், வேறொரு கிடார்.

"பன்னெண்டு வகை இருக்குது இதுக்குள்ள," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அப்ப நானு?" என்று கேட்டேன்.

"நீ எங்கமா போயிடப் போற. செவிலிமேட்டு ரிசப்ஷன் வரைக்கும் வா. அங்க மண்டபத்து மேனேஜரு, வருஷம் பூரா நம்மளையே கூப்புடறேன்னு சொல்லிக்கினு இருக்காரு. ஆளு கம்மியா இருந்தா அவருக்கும் சௌகரியம்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் 'அப்புறம் பாக்கலாம்' என்றால் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உன் கை நல்ல கைதான், எஸ்தரு. உன் கிடார் சத்தந்தான் வெளியவே வரமாட்டேங்குது. ஜனங்க காதுல விழாத கிடார மேடையில வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார்.

புவனா அக்கா அப்போது மூலையில் உட்கார்ந்து பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஆனால் பக்கம் புரட்டுவது நின்றிருந்தது.

பின்மூடியைக் கழற்றிய ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், கிடாரைக் கட்டிலில் குப்புறப் போட்டு, பின்பக்க மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். இதை ஏன் ஒன்றரை வருஷம் செய்யவில்லை என்று என்னை நானே இன்னும் கேட்டுக்கொள்கிறேன். தினமும் நூற்றுக்கணக்கான போர்டுகளில் வேலை செய்யும் கை, சொந்தக் கிடார் என்றதும் பயந்திருக்கிறது.

உள்ளே, குமிழ்களுக்கு அடியில், இரண்டு கன்ட்ரோல்கள். சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோனுக்கு உள்ளது பழசு, விளிம்பில் லேசாகத் துரு. அதன் முதுகில் 500K என்று அச்சிட்டிருந்தது. வால்யூமுக்கு உள்ளது பளபளவென்று புதுசு. அதன் முதுகில் 50K.

ஒரு சைபர் குறைவு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மீட்டர் வைத்தும் அளந்தேன். சைபர் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. அந்தக் கன்ட்ரோல் ஆடாமல் இருக்க, அடியில் எங்கள் குழுவின் விளம்பர நோட்டீஸ் ஒன்றைக் கிழித்து மடித்துச் சொருகியிருந்தது. பிரித்துப் பார்த்தால், அதில் பாதி ஏகாம்பரம் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: கிடாரில் வால்யூம் கன்ட்ரோல் என்பது ஒரு மதகு. தாமல் ஏரி மதகை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் கசியுமே, அதுபோல முழுச் சத்தத்தில் வைத்திருந்தாலும் தந்தியின் ஒலி கொஞ்சம் அதன் வழியே கசிந்து வீணாகும். கசிவில் முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். K-க்கு முன்னால் உள்ள எண் பெரிதாக இருந்தால் கசிவு குறைவு. சத்தம் வெளிச்சமாக இருக்கும். எண் சின்னதானால் வெளிச்சமெல்லாம் ஓடிவிடும், கொழகொழப்பு மட்டும் மிஞ்சும். என் கிடாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தத்துக்கு ஐந்நூறு வேண்டும். ஐம்பதை வைத்தால் மதகை உடைத்துவிட்ட மாதிரி.

மரம் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, புவனா அக்காவிடம் போய் அந்த நோட்டீஸ் துண்டைக் காட்டினேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அக்கா நிதானமாக அதைப் பார்த்தார்.

"வேணும்னு பண்ணலமா," என்றார். "அன்னிக்கு ஐந்நூறு வாங்கத்தான் போனாரு. கடையில இல்லன்னுட்டான். இருந்ததப் போட்டுட்டாரு. 'தப்பா இருக்கப் போவுதுங்க'ன்னு நானே சொன்னேன். 'யாரு காது குடுத்துக் கேக்கப் போறாங்க'ன்னாரு."

வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்தாரே, அதுதான் உறைத்தது.

அக்கா துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "என் மைக்குலயும் எக்கோவ ஏத்தி ஏத்தி வச்சிருக்காரு. நான் பாடறது ஏதோ கெணத்துக்குள்ள யாரோ பாடற மாதிரி இருக்குது. கொறைங்கன்னா, ஜனங்களுக்கு அதான் புடிக்கும்ன்றாரு." வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் கிடார சரி பண்ண முடியுமா உன்னால?" என்று கேட்டார்.

"முடியும்க்கா."

"பண்ணு. அவருகிட்ட சொல்லாத."

அம்மா சொன்ன தீர்ப்பு

எலக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவில், ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய ஒரு கடை. கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐந்நூறு கே கன்ட்ரோல் வேணும்."

"எதுக்குமா? ஆம்புக்கா?"

"கிடாருக்கு."

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கிடார்க்காரர் வெளியே நிற்கிறாரோ என்று. "யார்து கிடாரு?"

"என்னுது."

டீயைக் கீழே வைத்தார். அதன்பிறகு அவர் பேசிய விதமே வேறு. "ஏ டைப்பா, பி டைப்பா?"

தெரியாது என்றேன்.

"ஏ எடுத்துக்க. பி போட்டின்னா திருப்பினே இருப்ப, ஒண்ணும் ஆவாது, கடைசில டப்புனு உக்காந்துடும். ஏ-தான் காதுக்கு ஒழுங்கா ஏறி எறங்கும்." பெட்டிகளைக் கிளறி மூன்று கன்ட்ரோல்களை எடுத்து வரிசையாக வைத்தார். இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஒரு மெக். ஒரு மெக் என்றால் ஆயிரம் கே. "மூணும் எடுத்துக்கினு போ. மாட்டிப் பாரு. புக்குல இன்னா இன்னாவோ எழுதியிருக்கும். கேக்கப் போறது நீதான்."

வீட்டில் சின்ன கிளிப்புகளால் ஒவ்வொன்றாக மாட்டி வாசித்துப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இசை என்றால் பாமாலை மட்டும்தான். அதனாலேயே அவரை நீதிபதி ஆக்கினேன்.

இருநூற்றைம்பது: "பரவால்ல. மூக்கடைப்பு கொஞ்சம் வுட்டா மாதிரி இருக்குது."

ஐந்நூறு: கத்தி நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இது உன் பழைய கிடார் சத்தம் ஆச்சே. எங்க போயிருந்துது இத்தினி நாளா?"

இன்னும் இரண்டு முறை அதையே வாசித்தேன். பிறகு அடுத்ததை மாட்டினேன்.

ஒரு மெக்: "பல்லு கூசுதுடி. எடு அத."

ஆக, வால்யூமுக்கு ஐந்நூறு என்று முடிவாயிற்று. ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தபோது இன்னொரு கணக்கு உதித்தது. எங்கள் வீட்டு அறையில் இருப்பது சிமெண்டுச் சுவர், ஒரு பீரோ, ஒரு அம்மா. செவிலிமேட்டு மண்டபத்தில் இருக்கப்போவது முந்நூறு பட்டுப்புடவை. கூட்டமும் துணியும் கூர்மையான சத்தத்தை எப்படி உறிஞ்சும் என்பது காஞ்சிபுரத்தில் கச்சேரி செய்தவர்களுக்குத் தெரியும். காலி மண்டபத்தில் சலங்கையாகக் கேட்பது, பந்தி ஆரம்பிக்கும்போது பருப்பு மத்தாகிவிடும். எனவே வால்யூமில் ஐந்நூறை வைத்துவிட்டு, டோன் குமிழுக்கு ஒரு மெக்கை வைத்தேன். அங்கேயும் கசிவு குறையும். வெளிச்சம் இன்னும் ஒரு படி கூடும். பாதி அறிவு, பாதி விஷமம்.

ஈயம் முதல் தொடுதலிலேயே பளிச்சென்று பிடித்துக்கொண்டது. கம்பெனியில் அத்தனை வருஷம் குனிந்திருந்ததற்கு முதல்முறையாக எனக்கென்று ஒரு பலன்.

மைக் யார் கையில் இருந்தது

கச்சேரிக்கு முன்பு சாயங்காலம் சத்தம் சரிபார்க்கும்போது, டோன் குமிழை முழுக்க இறக்கி வைத்து, பழைய கம்பளிச் சத்தத்தையே கொடுத்தேன். ஏகாம்பரம் அண்ணன் மிக்ஸரில் என் பங்கை எப்போதும் போல உச்சத்தில் ஏற்றி, "பாத்தியா, இவ்ளோ ஏத்தியும் இப்டித்தான்," என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதை அப்படியே விட்டுவிட்டும் போனார்.

முதல் அரைமணி நேரம் கிடார் பகுதிகளையும் அண்ணனே கீபோர்டில் வாசித்ததால், நான் மடியில் குழந்தையை வைத்திருப்பவள் மாதிரி கிடாரை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு அவர் எழுந்து, "கீபோர்டுல நீ கிடார் டோன வாசி. நான் மேனேஜருக்கு எதிர்ல இருந்து காட்டறேன்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கினார். கீபோர்டை வாசிக்க அக்காவுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

அக்கா சத்தத்தை இறக்கியதையும், "வாசிம்மா" என்றதையும் ஏற்கெனவே சொன்னேன். டோன் குமிழை முழுக்க ஏற்றினேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய டூயட்டின் ஆரம்ப இசை. முதல் சுரம் விழுந்ததும் பந்திக்கு எழுந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கூட்டத்தின் தலைக்கு மேலே போய், பின் சுவரைத் தொட்டுவிட்டு வந்தது. அக்காவின் விரல்கள் ஊமைக் கட்டைகள் மேல் அழகாக ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் ஸ்பீக்கரில் ஏகாம்பரம் அண்ணனின் குரல் கேட்டது.

"கேளுங்க சார். கிடார்னு நெனச்சிக்கினு இருக்கீங்க இல்ல? கிடாரே இல்ல இது. கீபோர்டு."

கையில் இருந்த மைக்கை அவர் அணைக்கவில்லை. அவர் நின்ற பின்வரிசையில் மற்ற பேச்சுச் சத்தத்தில் அது அவருக்குத் தெரியவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"விரலு வழுக்கற சத்தம்கூட வருது பாருங்க. ஜப்பான்காரன் மூளை சார். அந்தப் பொண்ண நிறுத்திட்டேன். அது கிடார்ல இந்த மாதிரி ஒரு சத்தம் ஏழு ஜென்மத்துக்கும் வராது."

மாப்பிள்ளை மேடையின் நடுவிலிருந்து என்னைப் பார்த்தார். மணப்பெண்ணும் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, தட்டிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சிரித்துவிடுவேன்.

புவனா அக்கா அப்போது செய்ததை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்தார். தலையில் நழுவியிருந்த மல்லிகைச் சரத்தைச் சரிசெய்து, ஊசியைக் குத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தார். கிடார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் ஆரம்பித்து, பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அது ஏகாம்பரம் அண்ணனை எட்டியபோது அவர் மேடையைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கும் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

அவர் அணைக்க மறந்த அந்த மைக்கில் அடுத்துக் கேட்டது மேனேஜரின் குரல். நிதானமான மனிதர். "அந்தக் கீபோர்டு பேரு இன்னா?"

ஏகாம்பரம் அண்ணன், மெல்லிய குரலில்: "எஸ்தரு சார்."

"அடுத்த மாசத்துல இருந்து அதயும் கூட்டிக்கினு வாங்க."

அன்று மீதிக் கச்சேரி முழுக்க வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. வேன் ஏறும்போது ஏகாம்பரம் அண்ணன் தனியாக ஒயர் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது மறுபடியும் சந்தோஷமாகிவிட்டது. அக்கா மறுநாள் போனில், மைக்கின் எக்கோவைத் தானே கையால் குறைத்துவிட்டதாகவும், அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

முசரவாக்கத்துக்கு ஒரு வண்டி

இரண்டு வாரம் ஏகாம்பரம் அண்ணன் என்னோடு பேசவில்லை. ஒத்திகையில் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் டிரம்ஸ் வாசிப்பவரைப் பார்த்தே சொன்னார். டிரம்ஸ்காரர் பாவம், எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் எங்கள் வாசலில் அவருடைய வண்டி வந்து நின்றது. முதுகில் குழுவின் பேஸ் கிடார். உள்ளே வந்து, அம்மா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"இதுவும் மங்கலாத்தான் இருக்குது," என்றார். "உள்ள எத்தினி கே இருக்குதுன்னு பாரு."

திறந்து பார்த்தேன். அதிலும் அவர் கை வைத்திருந்தார். நான் எண்ணைப் படித்துச் சொல்லவில்லை. அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவரே படித்துக்கொண்டார்.

"சரி, மாத்திக் குடு." டீயைக் குடித்து முடித்தார். எழுந்து வாசல்வரை போனவர், திரும்பி நின்றார். "ஆனா ஒண்ணு, எஸ்தரு. இன்னா கோவம் இருந்தாலும் என்ன மைக்குல வச்சி அப்டி அசிங்கப்படுத்தியிருக்கக் கூடாது."

"மைக்கு உங்க கையிலதானே அண்ணா இருந்துது?" என்றேன்.